அப்பாவின் சிவிக்கில் இன்டெக்ராவின் பின்பக்கத்தை மாற்றலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணே. அப்பா 1999-ல் புதிதாக வாங்கிய ஹோண்டா சிவிக், நான்கு கதவு, இ.கே. மாடல், இப்போது என்னிடம் இருக்கிறது. சிஓஇயை (சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழை) இரண்டு முறை பத்துப் பத்து ஆண்டுக்குப் புதுப்பித்தோம், 2029 வரை ஓடும். முன் பிரேக் டிஸ்க், அதாவது சுழலும் தட்டை இருபக்கமும் பேட் பிடிக்கும் வகை; பின் பிரேக் டிரம், உருளைக்குள் ஷூ விரிந்து பிடிக்கும் வகை. சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் கிடையாது. கொஞ்ச நாளாக வீவக (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) கார் நிறுத்துமிடத்தில் மேடு ஏறி இறங்கும்போது பின்னால் 'டொக்' என்று சத்தம், பிரேக் பெடலும் முன்பைவிட ஆழமாகப் போகிறது. ஜோகூர் பாருவில் ஹோண்டா இன்டெக்ரா காரின் ஹாஃப் கட் (பாதியாக வெட்டிய பழைய கார்) ஒன்று வந்திருக்கிறதாம், அதன் பின்பக்க ஆர்ம் (சக்கரத்தைப் பாடியோடு பிடிக்கும் இரும்புக் கை) இரண்டும் டிஸ்க், அதைப் பிடிக்கும் காலிப்பரோடு கழற்றித் தருகிறார்கள். நேராக போல்ட் போட்டால் ஏறிவிடும், அரை நாள் வேலை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வாங்கலாமா? ஆண்டு வாகன ஆய்வில் சிக்கல் வருமா? வாரக் கடைசியில் அம்மாவையும் என் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போகும் கார் இது. — யீஷூன் வாசகர்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் கேள்வி ஒன்று, நோய் ஒன்று. ஆர்ம் ஏறுமா என்பது கேள்வி. சத்தம் வருகிறது, பெடல் ஆழமாகப் போகிறது என்று இடையில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்களே, அதுதான் நோய். எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த நோய்தான். காக்கி புக்கிட்டில் என் பட்டறைக்கு டிஸ்க் மாற்ற வேண்டும் என்று வரும் பழைய சிவிக்குகளில் பாதிக்கு மேல் இதே இரண்டு புகாரோடுதான் வருகின்றன. டிஸ்க் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்து வருகிறார்கள். அதனால் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு நோய்க்கு வருகிறேன், அப்புறம் திரும்பவும் கேள்விக்குப் போகலாம்.

ஏறும். 92 முதல் 95 வரை வந்த இ.ஜி. சிவிக், உங்கள் இ.கே., அந்தக் கால இன்டெக்ரா, சிஆர்-எக்ஸ் டெல் சோல் எல்லாம் பின்பக்கத்தில் ஒரே குடும்பம். நீளமாக முன்னும் பின்னும் ஓடும் டிரெய்லிங் ஆர்ம், அதன் மேல் ஒரு சிறிய ஆர்ம், கீழே ஒரு லோயர் ஆர்ம், பக்கவாட்டில் ஒல்லியாக ஒரு காம்பன்சேட்டர் ஆர்ம், எல்லாவற்றிலும் இந்த அமைப்புதான். இன்டெக்ராவின் டிரெய்லிங் ஆர்ம் உங்கள் காரின் துளைகளில் உட்காரும். நண்பர்கள் அதில் பொய் சொல்லவில்லை. ஆனால் ஆர்ம் ஏறுவதும் பிரேக் பிடிப்பதும் வேறு வேறு விஷயம், அதை அவர்கள் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

முதலில் சத்தத்தைப் பார்ப்போம். டிரெய்லிங் ஆர்மின் முன் முனையில், பின் கதவுக்குக் கீழே பாடியோடு சேரும் இடத்தில், கைப்பிடி அளவுக்கு ஒரு பெரிய ரப்பர் புஷ், அதாவது அதிர்ச்சி தாங்கும் ரப்பர் வளையம், இருக்கிறது. இருபத்தைந்து ஆண்டு வெயிலும் மழையும் பார்த்த காரில் அந்த ரப்பர் நன்றாக இருந்தால்தான் நான் ஆச்சரியப்படுவேன். காரை லிஃப்டில் ஏற்றி, ஒரு நீளக் கம்பியை ஆர்முக்கும் பாடிக்கும் நடுவில் விட்டு மெதுவாக நெம்பிப் பாருங்கள். நல்ல புஷ் கொஞ்சம் அசைந்து உடனே திரும்பும். போன புஷ்ஷில் ரப்பர் பிளந்து, நடுவில் இருக்கும் இரும்புக் குழாய் ஒரு பக்கமாகத் தொங்கி நிற்கும், கம்பியை எடுத்தாலும் இருந்த இடத்துக்கு வராது. கார் நிறுத்துமிடத்து மேட்டில் 'டொக்' என்பது பெரும்பாலும் அதுதான். பின் டயரின் உள்விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள், மீன் செதில் மாதிரி ஒரு பக்கம் வழுவழுப்பு, எதிர்ப்பக்கம் சொரசொரப்பு என்றால் சந்தேகமே வேண்டாம், சக்கரம் நேராக நிற்காமல் திசை மாறி மாறி ஓடிக்கொண்டிருக்கிறது. இப்படி இருக்கும் கார் மழையில் பிரேக் போட்டால் பின்பக்கம் லேசாக ஆடும், ஓட்டுபவருக்கு அது பிரேக் குறை மாதிரித் தெரியும்.

இப்போது பெடல். இதற்குப் பைசா செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. கார் நிற்கும்போது ஹேண்ட் பிரேக்கை இரண்டு மூன்று பல் மட்டும் இழுத்து வைத்துக்கொண்டு பெடலை மிதியுங்கள். பெடல் சட்டென்று மேலேயே நின்று கெட்டியானால், டிரம்முக்குள் இருக்கும் ஷூ தேய்ந்து தூரம் அதிகமாகிவிட்டது, தானாக இறுக்கிக்கொள்ள வேண்டிய அட்ஜஸ்டர் துருப்பிடித்து நின்றுவிட்டது என்று பொருள். பெடல் அப்படியும் ஆழமாகவே போனால் பிரேக் குழாயில் காற்று இருக்கலாம், மாஸ்டர் சிலிண்டரில் (பெடல் மிதிப்பை ஆயில் அழுத்தமாக மாற்றும் உருளை) ரப்பர் கெட்டுப்போயிருக்கலாம். டிரம்மைக் கழற்றியதும் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை ஸ்குரூ டிரைவர் நுனியால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் ஒழுகல் ஆரம்பித்துவிட்டது, அந்த எண்ணெய் ஷூவில் பட்டால் ஷூவையும் தூக்கிப் போட வேண்டியதுதான். பிரேக் ஆயிலை எப்போது கடைசியாக மாற்றினீர்கள்? கடிதத்தில் இல்லை. இந்த ஊர் காற்றில் ஈரம் எப்போதும் இருக்கிறது, பிரேக் ஆயில் அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரம், ஈரம் ஏறியபின் அதே தரம் 140-க்கு இறங்கிவிடுகிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள் என்று வருபவர்கள் எல்லோரிடமும் சொல்கிறேன், கேட்பவர்கள் குறைவு.

இந்த இரண்டையும் சரி செய்துவிட்டால், அதாவது இரண்டு பக்கமும் புது புஷ், புது ஷூ, தேவைப்பட்டால் வீல் சிலிண்டர், புது ஆயில், பின் சக்கர அலைன்மென்ட், இவ்வளவு செய்த பிறகு காரை ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். டிஸ்க் ஆசை அதற்குப் பிறகும் இருந்தால் பேசலாம். பலருக்கு இருப்பதில்லை.

ஏன் என்றால், பின்னால் டிஸ்க் போட்டதால் மட்டும் கார் சீக்கிரம் நிற்காது. பிரேக் போட்டதும் எடை முன்னுக்குச் சாய்கிறது, எஞ்சினும் முன்னால்தான் இருக்கிறது. நிறுத்தும் வேலையில் சுமார் 70 விழுக்காட்டை முன் சக்கரங்களே செய்கின்றன. பின் சக்கரத்தைச் சறுக்கும் அளவுக்குப் பிடிக்க உங்கள் டிரம்மாலேயே முடியும். டிஸ்க்கின் நன்மை வேறு இடத்தில் இருக்கிறது: சூடு சீக்கிரம் ஆறும், தண்ணீர் பட்டால் சீக்கிரம் உலரும், பேட் மாற்றுவது எளிது, மிதிப்புக்கு ஏற்றபடி பிடிமானம் சீராக ஏறும். செப்பாங் மாதிரி பந்தயத் தடத்துக்கு எடுத்துப்போய் வட்டம் வட்டமாக ஓட்டுகிறவருக்கு இதெல்லாம் பெரிய விஷயம். யீஷூனிலிருந்து தேக்கா, தேக்காவிலிருந்து ஈஸ்ட் கோஸ்ட் என்று குடும்பத்தோடு போகிற காருக்கு நல்ல டயரும் முன்னால் நல்ல பேடும் செய்யும் வேலையில் கால்வாசியைக்கூடப் பின் டிஸ்க் செய்யாது.

சரி, அப்படியும் செய்யத்தான் போகிறேன் என்கிறீர்களா? செய்யுங்கள், நானும் பலருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன், ஒழுங்காகச் செய்தால் அழகான வேலை. ஆனால் ஆர்ம் இரண்டை மட்டும் வாங்காதீர்கள். ஒரே காரிலிருந்து முழு செட்டாக வாங்குங்கள், இல்லையென்றால் தொடவே வேண்டாம். இந்த ஒன்றில் மட்டும் நான் யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை.

செட் என்றால் என்ன? எல்லாவற்றையும்விட முக்கியமானது எஞ்சின் அறைக்குள் சுவரோரம் ஒரு சின்னப் பித்தளைத் துண்டு மாதிரி இருக்குமே, பல குழாய்கள் வந்து சேரும் இடம், அந்தப் புரோபோர்ஷனிங் வால்வு. நீங்கள் மிதிக்கும் அழுத்தம் ஓர் அளவைத் தாண்டியதும், பின்பக்கத்துக்குப் போகும் பங்கை அது குறைத்துவிடும், பின் சக்கரம் முன் சக்கரத்துக்கு முந்திச் சுழற்சி நின்று பூட்டிக்கொள்ளாமல் இருக்க. அந்த அளவு காருக்குக் கார் வேறு. டிரம்மில் சக்கரத்தின் சுழற்சியே ஷூவை உள்ளுக்கு இழுத்து இறுக்க உதவி செய்யும், அதனால் குறைந்த அழுத்தமே போதும். டிஸ்க்குக்கு அந்த உதவி கிடையாது, அழுத்தம் அதிகம் வேண்டும். டிரம்முக்கு அமைத்த வால்வை வைத்துக்கொண்டு டிஸ்க் போட்டால் என்ன ஆகும்? பளபளவென்று டிஸ்க் தெரியும், ஆனால் அது சரியாக வேலை செய்யாது. முன் பிரேக்கே எல்லாச் சுமையையும் தூக்கும். முன்பிருந்த டிரம்மைவிட மோசமான பிரேக்கைப் பணம் கொடுத்து வாங்கியதாக ஆகிவிடும். என்னிடம் வரும் 'மாற்றிய' சிவிக்குகளில் அதிகம் பார்ப்பது இதைத்தான். பிரேக் பலத்தை அளக்கும் ரோலரில் ஏற்றினால் பின் சக்கர எண் பரிதாபமாக இருக்கும், உரிமையாளருக்கு அது தெரியவே தெரியாது.

எதிர்ப்பக்கத் தவறு இன்னும் கொடியது. சில ஆண்டுக்கு முன்னால் ஒரு கார் இழுவை வண்டியில் என்னிடம் வந்தது. டிஸ்க் காரின் வால்வு போட்டிருந்தார்கள், அது சரி, ஆனால் பின்னால் பந்தயத்துக்கான பிடிப்பு அதிகமான பேட், முன்னால் சிவிக்கின் சின்ன டிஸ்க்கும் காகிதம் போலத் தேய்ந்த பழைய பேடும். மண்டாய் சாலையில் மழை, முன்னால் போன பேருந்து நின்றிருக்கிறது, இவர் மிதித்திருக்கிறார், பின் சக்கரங்கள் முதலில் பூட்டிவிட்டன. பூட்டிய சக்கரத்துக்குப் பக்கவாட்டுப் பிடிமானம் இருக்காது. முன் சக்கரம் பூட்டினால் கார் நேராகச் சறுக்கும், பின் சக்கரம் பூட்டினால் வால் முன்னுக்கு வந்துவிடும். அவர் கார் அரைச் சுற்று சுற்றித் தடுப்பில் போய் நின்றது. அவருக்கு எதுவும் ஆகவில்லை. பின் இருக்கையில் பிள்ளைகளுக்கான இருக்கை ஒன்று காலியாகக் கட்டியிருந்ததைப் பார்த்தேன், இன்றைக்கும் அது என் கண்ணிலேயே இருக்கிறது. உங்கள் கடிதத்தில் இரண்டு பிள்ளைகள் என்று படித்ததும் இந்தப் பதிலை நீளமாக எழுத வேண்டும் என்று உட்கார்ந்ததே அதனால்தான்.

வால்வுக்கு அடுத்து மாஸ்டர் சிலிண்டர். டிரம் வைத்த சின்ன சிவிக்குகளில் துளை 13/16 அங்குலம், அதாவது சுமார் 20.6 மில்லிமீட்டர். டிஸ்க் காலிப்பரின் பிஸ்டன் பெரியது, அதை நிரப்ப அதிக ஆயில் வேண்டும், ஆகவே பழைய சிலிண்டரோடு பெடல் இன்னும் ஆழமாகப் போகும், நீங்கள் எந்தக் குறைக்காக இதையெல்லாம் ஆரம்பித்தீர்களோ அதே குறை கூடும். 15/16 அங்குலத்துக்குப் போனால் பெடல் கெட்டியாகும், ஆனால் ஒரு கணக்கை மறக்கக் கூடாது. 13/16-க்குப் பரப்பு சுமார் 334 சதுர மில்லிமீட்டர், 15/16-க்கு 445, மூன்றில் ஒரு பங்கு அதிகம். ஒரே பலத்தில் அழுத்தினால் குழாயில் ஏறும் அழுத்தம் கால் பங்கு குறைந்துவிடும். அதனால்தான் ஹோண்டா பெரிய சிலிண்டர் வைத்த கார்களில் மிதிப்புக்குப் பலம் கூட்டும் பூஸ்டரையும் அதற்குத் தகுந்தபடி வைத்திருக்கிறது. சிலிண்டரையும் பூஸ்டரையும் பிரிக்காமல் சேர்த்தே எடுங்கள். உங்கள் அம்மா ஓட்டுவாரா என்று தெரியவில்லை, ஓட்டுவார் என்றால் கால் பலத்தையும் யோசிக்க வேண்டும்.

ஹேண்ட் பிரேக் கேபிள் டிரம்முக்கு வேறு, டிஸ்க்குக்கு வேறு. பழையதை வளைத்து, கம்பி கட்டி, எப்படியோ காலிப்பரில் மாட்டி விடுகிறவர்கள் இருக்கிறார்கள். பல மாடிக் கார் நிறுத்துமிடத்துச் சரிவில் கார் உருண்டால் தெரியும் அதன் விலை. ரப்பர் ஹோஸும் வேறு: டிரம் காரில் ஹோஸ் ஆர்ம் வரை வந்து அங்கிருந்து இரும்புக் குழாயாகப் போகும், டிஸ்க் காரில் நேராகக் காலிப்பருக்கு வந்து நடுவில் துளை உள்ள போல்டால் இறுகும், அதன் இரு பக்கமும் ஒரு மெல்லிய செம்பு வாஷர் உண்டு. அந்த வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும், சில காசு சாமான், இதை மிச்சம் பிடித்து ஒழுகலோடு திரும்பி வந்தவர்களை எண்ணி முடியாது.

பெரிய பொறி ஒன்று ஜோகூரிலேயே காத்திருக்கிறது. 'இன்டெக்ரா' என்று சொன்னால் போதாது தம்பி, எந்த இன்டெக்ரா? உங்கள் சிவிக்கின் சக்கரம் நான்கு போல்ட், அவை அமைந்த வட்டம் 100 மில்லிமீட்டர். அதே வட்டத்தில் வரும் இன்டெக்ராக்கள் இருக்கின்றன, அவற்றின் பின் டிஸ்க் 239 மில்லிமீட்டர், உங்களுக்குத் தேவை அந்த வகை. ஜப்பானில் விற்ற முதல் டைப் ஆர் நான்கு போல்ட்தான், ஆனால் வட்டம் 114.3. 98-க்குப் பிறகு வந்த டைப் ஆர் ஐந்து போல்ட், 114.3. இந்த இரண்டில் எதை வாங்கினாலும் பின்னால் ஒரு ரிம், முன்னால் வேறு ரிம், பின்பெட்டியில் இருக்கும் ஸ்டெப்னி ஒரு பக்கத்துக்கும் சரியாகப் பொருந்தாத நிலை. முன்பக்கத்தையும் மாற்றினால்தான் முழுமை, அது வேறு கணக்கு, வேறு பணம். போகும்போது டேப் எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் காரில் இப்போது 13 அங்குல இரும்பு ரிம் இருந்தால் அது காலிப்பரில் உரசலாம், அதையும் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

ஹாஃப் கட்டில் கிடக்கும் ஆர்மை எப்படிப் பார்ப்பது? ஹாஃப் கட் என்றாலே பெரும்பாலும் ஜப்பானில் பாதியாக வெட்டிக் கப்பலில் வந்த கார்தான், அடிபட்டதா இல்லையா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டு ஆர்மையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்சு ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். சக்கரம் மாட்டும் ஹப்பைக் கையால் சுற்றுங்கள், உள்ளே மணல் அரைபடுவது மாதிரி இருந்தால் பேரிங் போயிற்று. காலிப்பரில் ஹேண்ட் பிரேக் நெம்புகோல் இருக்கும், அதை இழுத்து விட்டால் ஸ்பிரிங் தானாகத் திரும்ப இழுக்க வேண்டும். பாதியில் நின்றால் துரு உள்ளே போய்விட்டது. எப்படி இருந்தாலும், பழைய காலிப்பரைப் பிரித்துப் புது ரப்பர் போடாமல் நான் மாட்டுவதில்லை.

வாங்கிக்கொண்டு கடற்பாலம் வழியாகத் திரும்பும்போது சாமானைச் சுங்கத்தில் சொல்லிவிடுங்கள். 48 மணி நேரத்துக்குள் திரும்புகிறவருக்கு 100 வெள்ளி வரைதான் பொருள் சேவை வரி விலக்கு, அதற்கு மேல் 9 விழுக்காடு கட்ட வேண்டும். கார் பின்பெட்டியில் துணி போட்டு மூடி வருவதெல்லாம் வேண்டாத வேலை.

இனி மாட்டும் வேலை. டிரெய்லிங் ஆர்ம் புஷ் இரண்டு காருக்கும் ஒன்றுதான், ஆகவே இன்டெக்ரா ஆர்ம் வாங்கினாலும் அதில் புதிய புஷ் அடித்த பிறகே ஏற்ற வேண்டும். இதில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு ஆண்டுக்கு முன்னால், வேறொருவர் பட்டறையில் வேலை பார்த்தபோது, ஒரு இ.ஜி. சிவிக்குக்குப் புது புஷ் இரண்டும் நானே பிரஸ்ஸில் அடித்து, லிஃப்டில் கார் தொங்கிக்கொண்டிருக்கும்போதே எல்லா போல்டையும் முழுசாக இறுக்கிவிட்டேன். சக்கரம் கீழே தொங்கிய நிலையில் ரப்பர் பிடித்துக்கொண்டது. காரை இறக்கியதும் எடை உட்கார்ந்து, அந்த ரப்பர் துணியைப் பிழிவது மாதிரி முறுக்கேறிய நிலையிலேயே ஓட ஆரம்பித்தது. நான்கு மாதத்தில் இரண்டும் கிழிந்து கார் திரும்பி வந்தது. என் சம்பளத்தில் மறுபடியும் வாங்கிப் போட்டேன். அன்றிலிருந்து, பழைய புஷ்ஷை வெளியே தள்ளுவதற்கு முன்னால் அது ஆர்மில் எந்தக் கோணத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிடுவேன், புதியதை அதே கோட்டில் வைத்துத்தான் அடிப்பேன். ரப்பர் உள்ள எந்த போல்டையும் தொங்கும்போது கையிறுக்கமாக மட்டும் விட்டுவிட்டு, கார் தன் எடையில் உட்கார்ந்த பிறகே முழுசாக இறுக்குவேன். நீங்கள் யாரிடம் வேலை கொடுத்தாலும் இந்த ஒன்றைக் கேளுங்கள்: கடைசி இறுக்கம் எந்த நிலையில் செய்வீர்கள் என்று. பதில் உடனே வர வேண்டும்.

பேட் மாட்டும்போதும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முன் காலிப்பரில் பிஸ்டனை சி-கிளாம்ப் வைத்து உள்ளே தள்ளுவோம். பின் காலிப்பர் அப்படியல்ல, ஹேண்ட் பிரேக் திருகு உள்ளேயே இருப்பதால் பிஸ்டனை வலப்புறம் திருகி உள்ளே அனுப்ப வேண்டும். பிஸ்டன் முகத்தில் கூட்டல் குறி மாதிரிப் பள்ளம் இருக்கும். உள்பக்கப் பேடின் முதுகில் ஒரு சின்னக் குமிழ் இருக்கும். அந்தக் குமிழ் பள்ளத்துக்குள் விழுகிறபடி பிஸ்டனைக் கடைசியில் சற்றுத் திருப்பி நிறுத்த வேண்டும். விழாமல் மேட்டில் உட்கார்ந்தால் பேட் சாய்வாகத் தேயும், ஹேண்ட் பிரேக் எத்தனை இறுக்கினாலும் பிடிக்காது. சி-கிளாம்ப் வைத்து நெரித்து காலிப்பரையே கெடுத்தவர்கள் உண்டு.

சக்கர நட்டு 108 நியூட்டன் மீட்டர், டார்க் ஸ்பானரால். காற்றுத் துப்பாக்கியால் அடித்து முடிப்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். இது வீவக கார் நிறுத்துமிடத்தில் ஜாக் போட்டுச் செய்யும் வேலையும் அல்ல.

பின்னால் ஆன்டி ரோல் பாரும் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) சேர்த்துப் போடலாம் என்று யாராவது ஆசை காட்டுவார்கள், இன்டெக்ராவில் இருக்கிறதே என்று. உங்கள் லோயர் ஆர்மில் அதற்குத் துளையே இருக்காது, லோயர் ஆர்மையும் மாற்ற வேண்டும். அதற்கு மேல் தடித்த பார் போட்டால், உள்பக்கம் அதைப் பிடித்திருக்கும் மெல்லிய தகடு கிழிந்துவிடும், இந்தக் குடும்பக் கார்களில் எல்லோருக்கும் தெரிந்த பலவீனம் அது. வலுவூட்டும் தகடு இல்லாமல் போடவே கூடாது. உங்கள் உபயோகத்துக்கு அது தேவையும் இல்லை, விடுங்கள்.

ஆய்வுக்கு வருவோம். நிலப் போக்குவரத்து ஆணையம் மாற்றங்களை மூன்று வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது: அனுமதி தேவையில்லாதவை, அனுமதி வாங்க வேண்டியவை, செய்யவே கூடாதவை. ஒன்மோட்டரிங் தளத்தில் பட்டியல் இருக்கிறது. சாமான் வாங்குவதற்கு முன்னால் அதைப் படியுங்கள், உங்கள் மாற்றம் எந்த வகை என்று ஆணையத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள், நண்பர் சொன்னார் என்பது அங்கே செல்லாது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். சொல்லாமல் விட்டால் விபத்து அன்றைக்கு அதுவே பேச்சாகிவிடும். பத்து வயது தாண்டிய கார் என்பதால் எப்படியும் ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வு உங்களுக்கு உண்டு. அங்கே ரோலரில் ஏற்றும்போது இடது வலது சக்கரங்களுக்கு இடையில் வித்தியாசம், ஹேண்ட் பிரேக் பிடிப்பு எல்லாம் எண்ணாகத் தெரியும். மாற்றிய பிறகு அடுத்த ஆய்வு வரை காத்திருக்காமல் உடனே ஒரு சோதனை எடுத்துவிடுங்கள். அந்தத் தாளில் பின் சக்கர எண்ணும் முன் சக்கர எண்ணும் எனக்கு வேண்டும்.

பணத்தைப் பற்றி. கார் 14 வயது தாண்டியதால் சாலை வரியிலேயே 50 விழுக்காடு கூடுதல் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். 2029-க்கு மேலும் வைத்திருக்க வேண்டுமென்றால் அன்றைய மூன்று மாத சராசரி சிஓஇ விலையை மறுபடி கட்ட வேண்டும். அப்பாவின் கார், விட மனமில்லை என்பது புரிகிறது, என் அப்பா ஓட்டிய மோட்டார் சைக்கிளை நானும் இன்னும் வைத்திருக்கிறேன். 2029-ல் மறுபடியும் புதுப்பிப்போம் என்று வீட்டில் முடிவு செய்திருந்தால் முழு செட்டும் வாங்கி நிதானமாகச் செய்வதில் பொருள் இருக்கிறது. அந்த முடிவு இன்னும் எடுக்கவில்லை என்றால் புஷ், ஷூ, ஆயில், நான்கு நல்ல டயர், முன்னால் நல்ல பேட், இவ்வளவோடு நிறுத்துங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டாவதைத்தான் செய்வேன், இந்த வாரமே செய்வேன்.

ஜோகூர்க்காரருக்கு இப்போதைக்கு முன்பணம் எதுவும் அனுப்பாதீர்கள். ஹாஃப் கட்டில் மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர், வால்வு, ஹேண்ட் பிரேக் கேபிள் எல்லாம் இன்னும் இருக்கிறதா, வால்வின் மேல் பொறித்திருக்கும் எண் என்ன, ஹப் எத்தனை போல்ட் என்று கேட்டு ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். பின்பாதி வெட்டு மட்டும் என்றால் முன்பக்கச் சாமான் அவரிடம் இருக்க வாய்ப்பே இல்லை. அதற்குள் இன்று மாலையே ஹேண்ட் பிரேக்கை இரண்டு பல் இழுத்துப் பெடலை மிதித்துப் பார்த்து, என்ன ஆனது என்று எழுதுங்கள். பெடல் அப்படியும் தரையை நோக்கியே போகிறதென்றால், சரி செய்யும் வரை பிள்ளைகளை அந்தக் காரில் ஏற்ற வேண்டாம்.